நாலு புள்ளி போதும்

(கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு நூலக வாசகர் வட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலை பேசியது. தடுமாறிய இடங்களை மட்டும் சரிசெய்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘ஓவியர்’ என்று அச்சடித்துவிட்டீர்கள். வீட்டில் இரண்டு நாளாகச் சிரிப்பு ஓயவில்லை. நான் பெரியமேட்டில் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டிவிட்டு ஏழே முக்கால் வண்டிக்கு ஓடுகிறவள். தினமும் வரைகிறேன், அவ்வளவுதான். நன்றாக வரைகிறேன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

கணக்குக்காரி என்பதால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. சுமார் 2,555 நாள். 80 பக்க நோட்டு 26 முடிந்திருக்கிறது, நாளுக்கு ஒரு பக்கம். பெருக்கினால் 2,080. ஆக, 475 நாள் வரையவில்லை. ‘தினமும்’ என்று சொல்லிக்கொள்கிற ஆளின் லட்சணம் இது. அந்த 475-க்கு அப்புறம் வருகிறேன்.

“சின்ன வயசுல நல்லா வரைவேன், இப்ப எங்க நேரம்?” இந்த வசனத்தைச் சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. நானும் இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே யாராவது, “போன் பார்க்க மட்டும் நேரம் இருக்கா?” என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, உடம்பு ஓய்ந்து உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பவரிடம் போய் வரையச் சொன்னால் நடக்காது. அது மிச்ச நேரம். மிச்ச நேரத்தில் எந்தப் பழக்கமும் வேர் பிடிக்காது. சோறு மிஞ்சினால் கோழிக்குப் போடுவோமே, அந்த மாதிரிதான் ஆகும்.

நேரம் இல்லாதவர்கள் தினமும் வரைவது எப்படி என்று எனக்குக் காட்டியது எங்கள் அம்மா. வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை வைத்திருந்தார். ஆறு மணிக்கு முதல் ஈடு இறங்கியாக வேண்டும். அதற்கு முன்னால் வாசல். சாணம் கரைத்துத் தெளித்து, பெருக்கி, கொட்டாங்குச்சியில் மாவை எடுத்துக்கொண்டு குனிவார். தெளித்த ஈரம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். ஈரம்தான் மாவைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்துவிட்டால் புழுதியோடு கிளம்பிவிடும். ஆக, எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதைத் தரையே சொல்லிவிடும். யோசிக்க வேலையே இல்லை.

மார்கழியில் பதினைந்து புள்ளி, பத்தொன்பது புள்ளி என்று தெருவை அடைத்துப் போடுவார். கடையில் கூட்டம் இருக்கும் நாளில், மாவு பொங்கி வழிந்த நாளில், நாலே புள்ளி. அதைச் சுற்றி ஒரு சிக்கு. அரை நிமிஷம் ஆகியிருக்காது. “என்னம்மா, இத்தனூண்டு?” என்று கேட்டால், “நேரமில்லைன்னா நாலு புள்ளி போதும், வாசல் சும்மா கெடக்கக் கூடாது” என்பார். வாசல் வெறுமையாகக் கிடந்தால் அந்த வீட்டில் துக்கம் என்று தெருவுக்கே தெரியுமே, அதனால்.

எட்டு மணிக்குள் இட்லி வாங்க வருகிறவர்களின் காலும் சைக்கிளும் ஆடும் சேர்ந்து அத்தனையையும் அழித்துவிடும். அழிந்துபோயிற்றே என்று அம்மா ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் தினமும் வரைந்த ஒருவரை எந்த அழைப்பிதழிலும் யாரும் ஓவியர் என்று போட்டதும் இல்லை.

இவ்வளவையும் பக்கத்தில் இருந்து பார்த்த நான் என்ன செய்தேன்? வரைய வேண்டும் என்று தோன்றியதும் கடைக்குப் போய் 1,150 ரூபாய்க்கு ஒரு ஸ்கெட்ச் புக் வாங்கினேன். 300 ஜிஎஸ்எம் தாள், துணி அட்டை, கட்டிவைக்க எலாஸ்டிக் நாடா. அதைத் திறந்தாலே கை நடுங்கியது. இந்தத் தாளில் கண்டதையும் கிறுக்கலாமா? முதலில் நன்றாகப் பழகிக்கொண்டு அப்புறம் இதில் வரையலாம் என்று பீரோவில் வைத்தேன். இரண்டு வருஷம் இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் வெளியே வரும், பொட்டு வைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போகும். அந்த நோட்டில் இன்றைக்கு வரைக்கும் இருக்கிற ஒரே வண்ணம் அந்தச் சந்தனமும் குங்குமமும்தான்.

எங்கள் ஆபீசுக்குப் பக்கத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-இல் தொடங்கியது. பதினோரு வருஷமாக அந்தச் சுவர் ஓரமாகவே நடந்து போயிருக்கிறேன். வரைவது என்றால் அந்தக் காம்பவுண்டுக்கு உள்ளே நடப்பது, நமக்கு இந்தப் பக்கம்தான் என்று மனதில் ஒரு எண்ணம். அம்மாவின் கோலம் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு நாள் வண்டியில் வைத்துத்தான் வந்தது. லேடீஸ் பெட்டியில் போகிறவர்களுக்குத் தெரியும், அது பாதி சமையலறை. ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், ஒருவர் பூண்டு உரிப்பார், ஒருவர் ஸ்லோகப் புத்தகத்தைப் பிரித்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பார். எல்லோரும் வண்டி நேரத்தை ஏதோ ஒன்றில் முடிந்து வைத்திருக்கிறார்கள். எதிர் சீட்டில் ஒரு அக்கா மல்லி கட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் டிபன் பையும், அதில் வீட்டுச் செலவு எழுதும் நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் இருந்தன. பால் கணக்குக்குப் பின்பக்கம் அந்த அக்காவின் கட்டைவிரலை வரைந்தேன். கட்டைவிரல் மட்டும்தான். அதற்குள் தாம்பரம் வந்துவிட்டது, கூட்டம் ஏறி முழங்கையை அசைக்க முடியவில்லை.

அன்றைக்கு ஏற்பட்டதுதான் என் ஒரே விதி. பெருங்களத்தூரில் வண்டி கிளம்பும்போது நோட்டைத் திறப்பேன், தாம்பரம் பிளாட்பாரம் தெரிந்ததும் மூடிவிடுவேன். படம் முடிந்ததா முடியவில்லையா என்பது அந்தப் படத்தின் பாடு. சீட் கிடைக்காத நாளில் கம்பியில் சாய்ந்துகொண்டு ஒரு காதையோ ஒரு ஜடையையோ வரைந்தால் சரி. வண்டி குலுங்கும், கோடு நடுங்கும். நடுங்கட்டும்.

பூ கட்டுகிற கையை எப்படி வரைவது, அது நிற்கவே நிற்காதே என்று கேட்பீர்கள். நிற்காதுதான், ஆனால் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரை விரலில் ஒரு சுற்று, ஒரு இழு. நாலைந்து நொடிக்கு ஒருமுறை அதே விரல் அதே கோணத்தில் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்கு ஒரு கோடு என்று காத்திருந்து வாங்க வேண்டும். முதல் நாள் கட்டைவிரல், மறுநாள் ஆள்காட்டி விரல் மடிகிற இடம், மூன்றாம் நாள் நார் எங்கே போகிறது என்று மட்டும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் ஒரு நாள் அந்த அக்கா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “என் கையா இது? நாலு வெரல்தான் இருக்கு” என்றார். எண்ணிப் பார்த்தேன், நாலுதான். “இன்னொண்ணு பூவுக்குள்ள இருக்குக்கா” என்று சமாளித்தேன். “சரி, நாளைக்கு வெளிய எடு” என்றார்.

பேனா ஏன், பென்சில் ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. பென்சில் எடுத்தால் ரப்பர் தேடுவோம். ரப்பர் எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் அழிக்கத்தான் போகும். பேனாவில் தப்பான கோடு இருக்கிற இடத்தில் இருக்கும். பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். தப்பையும் பார்த்துக்கொண்டே வரைந்தால்தான் எந்தப் பக்கம் தப்பினோம் என்று தெரிகிறது. நோட்டு மலிவாக இருக்க வேண்டும், பையின் வெளி ஜிப்பில் இருக்க வேண்டும். தேடி எடுக்கும்படி இருந்தால் அன்றைக்கு வரைய மாட்டோம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவரோடு இருந்தவர்களும் 96 பேரை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 2010-இல் அச்சில் வந்தது. சாப்பாடு, குடிநீர், உடற்பயிற்சி சம்பந்தமாக ஒரு சின்னச் செயலை, தினமும் வருகிற ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுச் செய்யச் சொன்னார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் என்கிற மாதிரி. தானாக நடக்கிற அளவுக்குப் பழகுவதற்கு நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஏகப்பட்டது: 18 நாள் முதல் 254 நாள் வரை. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நோட்டைத் தூக்கிப் பரணில் போடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

ஹொகுசாய் என்ற ஜப்பானிய ஓவியரைத் தெரிந்திருக்கும். நீல நிறத்தில் பெரிய அலை ஒன்று படகுகள் மேல் கவிழ்கிற படம், டி-ஷர்ட்டில்கூட வருகிறதே, அவர். எண்பதைத் தாண்டிய வயதில், 1842, 43-இல், காலையில் ஒரு சிங்கம் வரைவதை வழக்கமாக வைத்திருந்தார். தேதி போட்ட சின்னச் சின்னத் தாள்கள். விற்பதற்கு அல்ல. கெட்டது அண்டக் கூடாது என்று தினசரி ஒரு காப்பு. 200-க்கும் மேற்பட்ட தாள்கள் இன்றும் இருக்கின்றன. பேரலையை வரைந்த மனிதர் காலையில் எழுந்ததும் எங்கள் அம்மா செய்த காரியத்தையே செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் அம்மாவிடம் சொன்னேன். “அவரு வாசல் தெளிப்பாரா?” என்று கேட்டார்.

நம் கோபுலு இருந்தாரே, தஞ்சாவூர்க்காரர், பத்திரிகைப் படங்களால் நம் தாத்தா பாட்டிகளையெல்லாம் சிரிக்க வைத்தவர். பக்கவாதத்தில் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். அத்தனை வருஷம் கோடு அவர் சொன்னபடி கேட்டுப் பழகியது. அந்த வயதில் முதல் நாள் இடக்கையில் வந்த கோடு எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

தினமும் வரைந்தால் என்ன கிடைக்கும் என்று நேரடியாகக் கேட்கிறவர்களும் உண்டு. காசு கிடைக்காது. ஒன்று சொல்கிறேன், வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். பார்க்காமல், ஞாபகத்திலிருந்து ஒரு சைக்கிள் வரையுங்கள். பெடல் எங்கே, செயின் எந்த வீலில் இருந்து எதற்குப் போகிறது? நான் முதன்முதலில் வரைந்த சைக்கிளில் செயின் முன் வீலுக்கும் பின் வீலுக்குமாக ஓடியது. அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் ஹேண்டில் பார் திரும்பவே திரும்பாது. அந்தச் சைக்கிளில்தான் நான் எட்டாவதிலிருந்து பள்ளிக்கூடம் போனேன்! பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம், பார்த்ததே இல்லை. வரைய உட்கார்ந்த பிறகுதான் எங்கள் குக்கரின் கைப்பிடியில் ஒரு ஸ்குரூ இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

இடையில் மூன்று மாதம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் படத்தைப் போட்டேன். முதலில் பக்கத்து சீட்டு செருப்பு, தூங்குகிற காலேஜ் பெண் என்று போட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு பிள்ளையார் போட்டேன், நாற்பது பேர் கைகூப்பினார்கள். அப்புறம் பிள்ளையார், மயில், மறுபடி பிள்ளையார். வண்டியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு, போனில் மயில் படம் தேடிக்கொண்டிருந்தேன். அன்றோடு ஸ்டேட்டஸை நிறுத்திவிட்டேன். நீங்கள் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, அந்த 475 நாள். காய்ச்சல், தேர்வு நேரத்தில் மகளோடு விழித்தது, மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, சும்மா சோம்பல், எல்லாம் அதில் உண்டு. ஒரே தொடராக மூன்று மாதம் விட்டது அம்மா போனபோது. வாசலிலும் எதுவும் இல்லை, நோட்டிலும் இல்லை. வண்டி பெருங்களத்தூரில் கிளம்பும், ஜிப்பில் கை போகும், திரும்ப வந்துவிடும். பதினெட்டாவது நோட்டில் அதற்குப் பிறகு வருகிற முதல் பக்கத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். கடைசி வரிசை வரைக்கும் தெரிகிறதா? நாலு புள்ளி, சுற்றி ஒரு சிக்கு. அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.

பேசியது போதும். நூலக வாசலில் அறுபது எழுபது ஜோடி செருப்பு கிடக்கிறது. நுழையும்போதே பார்த்துவிட்டேன், அருமையாகக் குவிந்து கிடக்கிறது. இதோ, அரைத் தாளும் பேனாவும் எல்லோருக்கும் வரும். அவரவர் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், வார் எந்த ஓட்டையில் இறங்குகிறது என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள். ஐந்து நிமிஷம், நான் கடிகாரம் பார்த்துக்கொள்கிறேன். நூலகர் ஐயா, நீங்களும்தான், எழுந்திருங்கள். வரைந்து முடித்ததும் அவசரத்தில் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.