பாட்டிக்கு வடைக் காசை யார் கொடுத்தது? நூலகத்தில் பெற்றோர்-பிள்ளை வாசிப்பு வட்டம்

[திரையில்: சொத்து வரி ரசீது]

தமிழ்நாட்டில் நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ரூபாய்க்கு 10 காசு. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் பாடுபட்டதில் 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம்தான் இந்த வரிக்கு வழி செய்தது. ஆக, உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குக் காசு கொடுத்தாயிற்று. போய் உட்காருவதுதான் பாக்கி.

[காட்சி: நூலகத்துக்குள் ஒரு அப்பாவும் மகளும்]

பிள்ளையைச் சிறுவர் பகுதியில் விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பது பல பெற்றோரின் வழக்கம். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பேசும் வாசிப்பு வட்டத்தில் அது நடக்காது. இருவரும் ஒரே கதையைப் படித்துவிட்டு வர வேண்டும். படிக்காமல் வந்த அப்பாவை ஐந்தே நிமிடத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்!

தொடங்குவது எளிது. நூலகரிடம் பேசுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் ஏற்கெனவே இருக்கும், அதோடு சேர்ந்துகொள்ளலாம். மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம். வயது எட்டிலிருந்து பதினொன்று வரை இருந்தால் பேச்சு ஒட்டும். ஐந்தாறு ஜோடி போதும். அதற்கு மேல் போனால் கூச்சப்படும் பிள்ளை வாயே திறக்காது.

[திரையில்: ஒரே ஒரு புத்தகம், சுற்றிலும் பன்னிரண்டு பேர்]

உண்மையான சிக்கல் இதுதான். நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். இறக்கிக்கொள்ளலாம், அச்செடுத்தும் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால், இருக்கும் ஒரு பிரதியை வட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள்.

சரி, படித்தாயிற்று. அப்புறம்?

இங்கேதான் பெற்றோர் கெடுப்பார்கள். “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று ஒரு கேள்வி வரும். வட்டம் வகுப்பறையாகிவிடும்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். நீதி கேட்டால், “ஏமாறக் கூடாது” என்று ஒப்பித்துவிட்டுப் பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “பாட்டிக்கு வடைக் காசை யார் கொடுத்தது?”

[காட்சி: பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுகிறார்கள்]

திருடியது காக்கா. தின்றது நரி. பாட்டியைக் கதையே மறந்துவிட்டது! நரிதான் கொடுக்க வேண்டும் என்பான் ஒருவன். “காக்காவுக்குப் பசிச்சா என்ன பண்ணும்?” என்பாள் இன்னொருத்தி. உங்களுக்கும் பதில் தெரியாது. அதனால்தான் அது நல்ல கேள்வி.

சின்னக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் படக்கதை படிக்கும்போது, ஆம் இல்லை என்று முடியாத கேள்விகளைக் கேட்கப் பெற்றோருக்குப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத் திறன் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது.

[காட்சி: புத்தக அலமாரி முன் பிள்ளைகள்]

கடைசியாக, அடுத்த புத்தகம். ஒரு மாதம் பெரியவர்கள் தேர்வு, மறு மாதம் பிள்ளைகள் தேர்வு. பேய்க் கதைதான் வேண்டும் என்றால் பேய்க் கதைதான். முகம் சுளிக்காமல் நீங்களும் படித்துவிட்டு வாருங்கள். ராத்திரி விளக்கை அணைக்கப் பயந்தது யார் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.