பட்டனையே பார்த்துட்டு நிக்குற கண்ணு

[திரையில்: ஒரு விண்ணப்பப் படிவம். அடியில் 'சமர்ப்பி' பட்டன். அதன் மேல் ஒரு நீலப் புள்ளி.]

இந்த நீலப் புள்ளிதான் ஒருத்தரோட பார்வை. கண்ணு எங்க பார்க்குதுன்னு கண்டுபிடிக்கிற 'ஐ டிராக்கர்'ங்கிற கருவி இதைக் காட்டுது. படிவத்தை நிரப்பி 'சமர்ப்பி'யை அழுத்துறார். ஒண்ணும் நடக்கல. திரும்ப அழுத்துறார். மூணாவது தடவையும் அழுத்திட்டார். புள்ளி பட்டனை விட்டு அசையவே இல்ல.

[படிவத்தின் மேற்பகுதி தெரிகிறது.]

மேல பாருங்க. 'பின்கோடு தவறு'ன்னு சிவப்பு எழுத்துல அப்பவே வந்துடுச்சு. அவர் கண்ணு அந்தப் பக்கம் போகல. பாவம், "எனக்கு கம்ப்யூட்டர் வராதுப்பா"ன்னு எழுந்து போயிடுவார். தப்பு அவர் மேல இல்ல.

கையை முழுசா நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்க. ஏறக்குறைய அவ்வளவு இடம்தான், சுமார் 2 டிகிரி, நமக்குத் துல்லியமாத் தெரியும். மத்ததெல்லாம் மங்கல். அதான் கண்ணு ஒரு இடத்துல கால் நொடி நிக்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். பார்க்காத இடத்துல எழுத்தை எவ்வளவு சிவப்பாக்கி என்ன பிரயோஜனம்?

[கண்ணின் நெருக்கக் காட்சி. கண்மணி அருகே வெள்ளைப் பொட்டு.]

ஐ டிராக்கர் பிடிக்கிறது இந்தத் தாவலைத்தான். மானிட்டருக்குக் கீழே இருக்குற பட்டையிலிருந்து அகச்சிவப்பு ஒளி வந்து, கண்ணுல ஒரு பொட்டு மாதிரி மின்னும். அந்தப் பொட்டுக்கும் கண்மணியோட மையத்துக்கும் உள்ள இடைவெளியை வச்சு, பார்வை எங்கேன்னு கணக்குப் போடும். நல்ல கருவியிலயும் அரை டிகிரி பிசகலாம். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தா, திரையில அது அரை செ.மீ. ஒட்டி ஒட்டி இருக்குற ரெண்டு ஐகான்ல எதைப் பார்த்தார்னு அடிச்சுச் சொல்லிடாதீங்க.

[பழைய விமானத்தின் மீட்டர் பலகை.]

கம்ப்யூட்டர் திரையில வர்றதுக்கு முன்னாடியே, பார்வையைப் பதிவு பண்ற இந்த வேலை விமானத்துல நடந்திருக்கு. 1940-களின் கடைசியில் அமெரிக்காவுல பால் ஃபிட்ஸ்ங்கிற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும், தரையிறங்கும்போது விமானி எந்த மீட்டரைப் பார்க்கிறார்னு மூவி கேமராவுல படம் பிடிச்சாங்க. அடிக்கடி பார்க்கிற மீட்டர் முக்கியமானது. ரொம்ப நேரம் பார்க்கிற மீட்டர் படிக்கக் கஷ்டமானதுன்னு கண்டாங்க. ஹீட்மேப்ல, அதாவது பார்வை அதிகம் நின்ன இடத்தைச் சிவப்பாக் காட்டுற படத்துல, செக்கச்செவேல்னு ஒரு இடம் வந்தா உடனே சந்தோஷப்படாதீங்க. புரியாம முழிச்சிருக்கலாம்.

ஏன் முழிச்சார்னு கருவிக்குத் தெரியாது. பதிவை அவருக்கே ஓட்டிக் காட்டி, "இங்க என்ன சார் தேடினீங்க?"ன்னு கேளுங்க. பட்டனைப் பார்க்கவே இல்லைன்னா இடத்தை மாத்தணும். பார்த்தும் அழுத்தலைன்னா, அதுல எழுதியிருக்குற வார்த்தையை மாத்தணும்.

[மீண்டும் அதே படிவம். இப்போது செய்தி பட்டனுக்கு மேலேயே.]

நம்ம படிவத்துல செய்தியை இங்க இறக்கிட்டோம். தொட்டா பின்கோடு கட்டத்துக்கே கூட்டிட்டுப் போகும். அழுத்துற விரலும் பார்க்கிற கண்ணும் இப்ப ஒரே இடத்துல.