பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லையா? நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்கிறார்: "டாக்டர், அக்டோபர் 7ஆம் தேதி ட்ரைஜெமினல் நியூரால்ஜியா விழிப்புணர்வு நாள் என்று சொன்னீர்கள். எங்கோ சிலருக்கு வருகிற நோய் ஊருக்கெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்? டாக்டர்களுக்குத் தெரிந்தால் போதாதா?"

போதாது தம்பி. இது முகத்து நரம்பில் வருகிற வலி. இந்த வலி வந்தவர் முதலில் நரம்பு டாக்டரிடம் வருவதே இல்லை, பல் டாக்டரிடம்தான் போகிறார். முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகிற ட்ரைஜெமினல் நரம்புக்கு மூன்று கிளைகள்: நெற்றிக்கு ஒன்று, கன்னம் மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. வலி பெரும்பாலும் கீழே உள்ள இரண்டில்தான் வரும், பல்லுக்கும் ஈறுக்கும் போவதும் அதே இரண்டுதான். அதனால் வலிக்கிறவருக்கு அது சத்தியமாகப் பல்வலிதான். அவரே "இந்தப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள்" என்று கெஞ்சுவார். பிடுங்கியும் நிற்காது, அடுத்த பல்லைக் காட்டுவார்.

என்னிடம் ஒரு அம்மா வந்தார், வயது அறுபதை நெருங்கும். வலது பக்கம் நான்கு பற்கள் இல்லை. மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டார், முகத்தில் மஞ்சள் பூசுவதை விட்டுவிட்டார், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொள்வார், ஏனென்றால் காற்று பட்டாலே சுரீரென்று ஷாக் அடிக்கும். வாயைத் திறந்தாலும் அப்படித்தான், அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டார். வீட்டில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? மருமகளோடு கோபம் என்று. ஒன்றரை வருடம் அந்த வீட்டில் யாரும் அவரிடம் "வலிக்கிறதா" என்று கேட்கவில்லை. எனக்கு அந்த நான்கு பற்களைவிட இதுதான் மனதை அறுக்கிறது. ஊருக்குத் தெரிய வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எண்ணிக்கையும் சொல்கிறேன். ஆண்டுக்கு லட்சத்தில் 4 முதல் 13 பேருக்குப் புதிதாக வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். குறைந்த கணக்கையே வைத்தாலும் 7 கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டில் வருடத்துக்கு 2,800 பேர். நடிகர் சல்மான் கான் தனக்கு இது இருப்பதாக 2011இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் நம் நாட்டில் பலர் காதில் இந்தப் பெயரே விழுந்தது.

பல்வலிக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சொத்தைப் பல் வலி மணிக்கணக்கில் விண்விண் என்று தெறிக்கும், ராத்திரி தூங்க விடாது. இது மின்னல் மாதிரி, சில விநாடி, அதிகம் போனால் இரண்டு நிமிடம், ஒரே பக்கம், அப்புறம் சுத்தமாக நின்றுவிடும், மறுபடி வெட்டும். அழுத்திப் பிடித்தால் வராது, லேசாகத் தொட்டால் வரும். பல் தேய்க்க, சவரம் செய்ய, ஒரு வாய் சோறு மெல்லக்கூட பயப்படுவார்கள். இப்படி இருந்தால் பல்லில் கை வைப்பதற்கு முன் "இது நரம்பு வலியாக இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், பல டாக்டர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

பெரும்பாலோருக்கு மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பின் வேரை உரசி, வயரின் மேலுறை தேய்கிற மாதிரி அதன் உறையைத் தேய்த்துவிடுகிறது. சாதாரண வலி மாத்திரை இதில் கேட்காது. கார்பமாசெபின் கேட்கும். ஆனால் அது வலிப்பு நோய்க்கும் கொடுக்கிற மாத்திரை, மருந்துக் கடையில் "இது ஃபிட்ஸ் மாத்திரை ஆச்சே" என்று சொன்னதும் வீட்டில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆரம்பத்தில் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும், வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மட்டும் அடுத்த மாத்திரை போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், அது ஆபத்தாக மாறலாம். மாத்திரைக்கு அடங்காவிட்டால் அந்த ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கிற அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு மாத்திரையே போதுமாக இருந்தது.

எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், எடுங்கள், கட்டி போன்ற வேறு காரணம் இல்லை என்று தெரிந்துகொள்ள அது வேண்டும். ஆனால் ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. இந்த நோயை முக்கியமாகக் கண்டுபிடிப்பது நீங்கள் சொல்கிற விவரத்தை வைத்துத்தான். அதனால் எத்தனை விநாடி, எந்த இடம், எது பட்டால் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வலிக்கிறவரால் பேச முடியாவிட்டால் கூடப் போகிறவர் சொல்லுங்கள்.