குடிநீர்க் கிணறுகளைக் காக்கப் பொதுநிதி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகக் கிணறு வெட்டுவதற்குப் பொதுப்பணம் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. கிணற்று நீர் கெட்டுப்போன பிறகு சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கும், தொலைவிலிருந்து குழாய் பதித்து நீர் கொண்டுவருவதற்கும்கூட, சற்றுத் தாமதமானாலும், பணம் வந்து சேர்கிறது. ஆனால் இன்றைக்கு நல்ல நீர் தந்துகொண்டிருக்கும் ஒரு கிணற்றை அந்த நிலையிலேயே காத்து வைத்திருக்க ஒரு சிற்றூர் நிர்வாகம் உதவி கேட்டால், எந்தத் தலைப்பின் கீழ் ஒதுக்குவது என்ற கேள்வியிலேயே கோப்பு நின்றுவிடுகிறது. இந்தக் குறையைத் தீர்க்க, அளவில் சிறியதாயினும் ஆண்டுதோறும் தடையின்றி வரும் ஒரு தனி நிதி வேண்டும் என்பதே நான் இன்று முன்வைக்க வந்த கருத்து.

கிணற்றிலிருந்து நீரை இறைக்கும்போது, சுற்றுப்புறத்து நிலத்தடி நீர், குறிப்பாக ஊற்றோட்டம் வரும் மேட்டுப் பக்கத்து நீர், கிணற்றை நோக்கி நகர்கிறது. ஆகவே கிணற்றைச் சுற்றி வேலி போட்டு மேடையைப் பூசிவிட்டால் மட்டும் கிணறு காக்கப்பட்டதாகிவிடாது. ஜெர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி மூன்று நிலைகளில் பாதுகாப்புப் பகுதி வகுக்கிறார்கள். கிணற்றை ஒட்டிய சில மீட்டர் இடம் முதலாவது. நீர் வழங்கலோடு தொடர்பில்லாத எந்த வேலைக்கும் அங்கே அனுமதி இல்லை. நிலத்தடி நீர் கிணற்றை வந்தடைய 50 நாள் ஆகும் தொலைவு வரை இரண்டாவது. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அதற்குள் மண்ணடியில் மடிந்துவிடும் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. கிணற்றுக்கு நீரூட்டும் நிலம் முழுவதும் மூன்றாவது.

இந்த மூன்றாம் பகுதியில்தான் பணத்தைப் பற்றிய சிக்கல் தொடங்குகிறது. அந்த நிலம் கிணற்றை நடத்தும் ஊருக்குச் சொந்தமானதன்று. யாரோ ஒருவர் அங்கே பயிர் செய்கிறார், வேறொருவர் மாடு வளர்க்கிறார், இன்னொருவர் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி அங்கே கசிந்துகொண்டிருக்கிறது. இவர்கள் உரத்தைக் குறைத்தாலோ, சாணக்குவியலை இடம் மாற்றினாலோ, தொட்டியைச் சீரமைத்தாலோ செலவு அவர்களுடையது, பயனோ கீழ்ப்பக்கத்தில் நீர் குடிக்கும் மக்களுடையது. செலவு ஓரிடத்திலும் பயன் வேறிடத்திலும் இருக்கும்போது, சட்டம் போட்டு அபராதம் விதிப்பதைக் காட்டிலும், பயன் பெறுவோர் சார்பில் பொதுநிதியிலிருந்து அந்தச் செலவில் பங்கேற்பதே நியாயமானது என்று நான் கருதுகிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன் நகரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் வாழும் ஊர் அது. பல நாள் பெய்த கனமழையில், பக்கத்துப் பண்ணை நிலத்தில் இடப்பட்டிருந்த மாட்டெருவிலிருந்து ஈ.கோலை கிருமிகள் ஆழமில்லாத ஐந்தாம் எண் கிணற்றுக்குள் இறங்கின. 7 பேர் இறந்தார்கள். 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணை, குளோரின் கலப்பதிலும் கண்காணிப்பதிலும் நேர்ந்த தவறுகளை வெளிக்கொண்டு வந்ததோடு, எருவிட்ட விவசாயி முறைப்படியே நடந்துகொண்டார், அவர்மீது குற்றமில்லை என்றும் கூறியது. விதிகளைப் பின்பற்றிய ஒருவரின் நிலத்திலிருந்தே ஓர் ஊரின் உயிரைக் குடிக்கும் நஞ்சு வர முடியும் என்றால், குறை அந்த மனிதரிடம் இல்லை. கிணற்றையும் அந்த நிலத்தையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் பொறுப்பும் பணமும் தரப்படாமல் இருந்ததில்தான் இருக்கிறது. பின்னர் 2006இல் ஒன்டாரியோ தூய நீர்ச் சட்டத்தை இயற்றியபோது, நீராதாரப் பாதுகாப்புத் திட்டங்களைக் கட்டாயமாக்கியதோடு, பாதிக்கப்படும் நில உரிமையாளர்களுக்கு நிதியுதவி தரும் ஏற்பாட்டையும் அதே சட்டத்தில் சேர்த்தது. கட்டுப்பாடும் கைகொடுப்பும் ஒரே சட்டத்தில் வந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

அமெரிக்காவில் 1986இல் கிணற்றுப் பாதுகாப்புத் திட்டம் சட்டமானது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996இல் குடிநீருக்கான சுழல்நிதி, அதாவது திரும்பி வரும் கடன்தொகையையே மீண்டும் கடனாக வழங்கும் நிதி, உருவானபோது, மாநிலங்கள் தமக்கு வரும் தொகையில் 15 விழுக்காடு வரை உள்ளூர் உதவிக்கும் நீராதாரப் பாதுகாப்புக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று இடம் தரப்பட்டது. மியூனிக் நகரமோ, தனக்கு நீர் தரும் மாங்ஃபால் பள்ளத்தாக்கின் விவசாயிகள் இயற்கை வேளாண்மைக்கு மாற 1992 முதல் பணம் கொடுத்து வருகிறது.

வேளாண் நிலத்தின்மீது நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்கு, உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் நிலத்தடி நீரில் கரைந்து கலக்கும் நைட்ரேட் என்ற உப்பு ஒரு முக்கியக் காரணம். கிருமிகளைப் போல அது 50 நாளில் மடிவதில்லை. கொதிக்க வைத்தாலும் போவதில்லை; நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும் ஆபத்தைக் கருதி வகுக்கப்பட்டது. இன்று வயலில் மிகுதியாக இட்ட உரம் கிணற்றில் தெரிய பல ஆண்டுகள் ஆகலாம்; இன்று உரத்தைக் குறைத்தாலும் அதன் பலன் தெரிய அதே அளவு காலம் காத்திருக்க வேண்டும். ஓராண்டுக்குள் பயனை நிரூபிக்கச் சொல்லும் நிதித் திட்டம் இந்த வேலைக்குப் பொருந்தாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆயினும் உடனடியாகப் பலன் தரும் வேலைகளும் உண்டு. அவற்றுள் முதலிடம் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடுவதற்கே தரப்பட வேண்டும். மோட்டாரை எடுத்துக்கொண்டு போன பிறகு, துருப்பிடித்த கேசிங் குழாயின் வாயில் ஒரு சாக்கைக் கட்டிவைத்து, புல் மண்டிக் கிடக்கும் அத்தகைய துளை, மண் பல ஆண்டுகளாகச் செய்யும் வடிகட்டும் வேலை முழுவதையும் ஒரே மழையில் வீணாக்கிவிடும். மேலே ஓடும் அழுக்கு நீர் எந்தத் தடையுமின்றி நேராக ஊற்றுக்குள் இறங்க அது வழி விடுகிறது. குழந்தைகள் தவறி விழும் ஆபத்து வேறு. மேலிருந்து மண்ணையும் கல்லையும் கொட்டி மூடுவது போதாது. அவை பாதியிலேயே அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடத்தை விட்டுவிடும். உள்ளே கிடப்பவற்றை முதலில் அகற்றி, ஒரு சிறு குழாயை அடிவரை இறக்கி, சிமென்ட் குழம்பையோ பெண்டோனைட் களிமண் குழம்பையோ அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பி வர வேண்டும். இதற்குக் கருவியும் பழகிய ஆளும் தேவை. தமக்கு இனிப் பயன்படாத துளைக்காக இவ்வளவு செலவு செய்ய நில உரிமையாளர் முன்வராததில் வியப்பில்லை; பொதுநிதி முழுச் செலவையும் ஏற்க வேண்டிய வேலை இது.

நிதி வழங்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சரிபாதிப் பங்கை உள்ளூர் நிர்வாகம் போட வேண்டும் என்ற நிபந்தனை, பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும், மிகவும் தேவையுள்ள சிற்றூர்களையே வெளியே நிறுத்திவிடுகிறது. அவற்றிடம் பணமும் இல்லை, விண்ணப்பத்தை வரையத் தெரிந்த பொறியாளரும் இல்லை. உழைப்பையும் இடத்தையும் பங்காக ஏற்கலாம். விண்ணப்பம் எழுத வட்டார அளவில் ஒரு நிலநீர் வல்லுநரை நிதியிலிருந்தே அமர்த்தலாம். முதல் தவணை நீரூட்டும் நிலத்தின் வரைபடத்துக்கும், அதிலுள்ள பழைய துளைகள், கழிவுநீர்த் தொட்டிகள், எருக்குழிகள், எண்ணெய்த் தொட்டிகள் ஆகியவற்றின் பட்டியலுக்கும் செல்ல வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் வேலிக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். கடைசித் தவணை, வேலை முடிந்த பிறகும் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் நீர் மாதிரி எடுத்துச் சோதிக்கும் செலவுக்கு, குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு, தனியே பிரித்து வைக்கப்பட வேண்டும். சோதனை முடிவுகள் அந்த நீரைக் குடிப்போர் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும்.

நன்றி. வணக்கம்.