ஓடையில் போன மர உருண்டை

வணக்கம் நேயர்களே. மரச்சிற்பி என்றதும் உளியும் கொட்டாப்புளியும் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். நான் இன்று பேசவிருக்கும் டேவிட் நாஷ் கையில் பெரும்பாலும் இருப்பது மரம் அறுக்கும் செயின்சா. 1945-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1960-களின் கடைசியில் வடக்கு வேல்ஸில் ஸ்லேட் கல் வெட்டும் மலை ஊர் ஒன்றில் குடியேறி, பழைய தேவாலயம் ஒன்றை வாங்கிப் பட்டறையாக்கிக்கொண்டார்.

பச்சை மரம்தான் அவருக்குப் பிடித்தம். ஈரம் காயாத மரத்தை நம் ஆசாரிகள் நம்ப மாட்டார்கள். காய்ந்தால் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். நாஷ் அந்த வெடிப்புக்காகவே அதை எடுப்பார். பச்சை ஓக் பலகைகளில் பெட்டி செய்து, மர ஆணி அடித்து, அப்படியே காய விடுவார். பலகைகள் கோணி, வாய் பிளந்து நிற்கும். அதுதான் சிற்பம்.

1978-இல் பெரிய ஓக் மரம் ஒன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை ஒன்றை வெட்டினார். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், கனமோ கனம். பக்கத்தில் ஓடை இருந்தது. தண்ணீர் இழுத்துப் போகட்டும் என்று அதில் உருட்டிவிட்டார். பாதி வழியில் சிக்கிக்கொண்டது. சரி, அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த நிமிடத்தில்தான் அது சிற்பமானது என்பேன்.

அப்புறம் அதன் பின்னாலேயே ஆண்டுக்கணக்கில் நடந்தார். படம் எடுத்தார், வரைந்தார். பனிக்காலத்தில் அதன் தலையில் பனி குவிந்திருக்கும். போகப்போக மரம் கறுத்து, பார்ப்பவர்கள் பாறை என்று நினைக்கும்படி ஆனது. வெள்ளம் வந்தால் நகரும், வடிந்தால் ஆண்டுக்கணக்கில் அசையாது. ஒருமுறை பாலத்தடியில் மாட்டிக்கொண்டது. வெளியே எடுத்துவிட வேண்டியதாயிற்று. கடைசியில் ஆற்றுக்கு வந்து, கடல் ஏறி இறங்கும் கழிமுகத்தை அடைந்தது. 2003-இல் காணாமல் போனது. பத்து ஆண்டு கழித்து மறுபடி கண்ணில் பட்டது.

உருண்டையை வெட்டுவதற்கு ஓராண்டு முன்பே, 1977-இல், வேறொரு வேலையையும் தொடங்கியிருந்தார். 22 ஆஷ் மரக்கன்றுகளை வட்டமாக நட்டார். வளர வளர வளைத்துக் கூடாரம்போல் ஆக்கினார். அடுத்த நூற்றாண்டுக்கான சிற்பம் என்பது அவர் எண்ணம். எனக்கு இதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. உருண்டையைப் போக விட்ட அதே மனிதர், இங்கே மரத்தின் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறார். ஆனாலும் பல்லாண்டுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாரே, அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஐரோப்பா முழுவதும் ஆஷ் மரங்களை அழித்துவரும் பூஞ்சை நோய் அங்கேயும் வந்தது. நாஷ் மருந்தடித்து மல்லுக்கட்டவில்லை. அந்த வட்டத்தைச் சுற்றி ஓக் கன்றுகளை நட்டார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு.