ஓநாய் வேறு, நம்ம பொமரேனியன் வேறு

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, அல்சூரிலிருந்தும் சிவாஜிநகரிலிருந்தும் வந்திருக்கிற சொந்தங்களே, வணக்கம்.

சின்ன நாய்க்கு நல்லது பச்சைக் கறியா, கம்பெனித் தீனியா? தீனிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். "ஓநாய்க்கு யாரய்யா பாக்கெட் பிரித்துப் போட்டது?" இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அண்ணே, ஓநாய் ஒரு மானை அடித்தால் கறியை மட்டுமா தின்னும்? ஈரல், குடல், எலும்பு எல்லாம் உள்ளே போகும். நீங்கள் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்குவது தோல் உரித்து எலும்பு எடுத்த கோழி நெஞ்சுக்கறி. 100 கிராமில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, கால்சியம் 10 மில்லிகிராமைச் சுற்றித்தான். வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியமும் குறைந்தது ஒரு பங்கு வேண்டும். இங்கே இருபதில் ஒரு பங்கு!

இன்னொன்று. 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 பிரதி, நாய்க்கு 4 முதல் 30 வரை. மனிதன் வீட்டுச் சோற்றைத் தின்று தின்று அதன் உடம்பே அதற்குப் பழகிப்போனது. காட்டில் ஓநாய் பத்து வயதைத் தொடுவது அரிது. நம் பொமரேனியனை நாம் 14 வயது வரை வளர்க்க ஆசைப்படுகிறோம்.

சரி, லட்டு கதைக்கு வருகிறேன். ஒரு வீடு, ஒரு பாட்டி, மூன்று மாதப் பொமரேனியன் குட்டி. பெயர் லட்டு. தினமும் எலும்பில்லாத பச்சைக் கோழி. வேறு எதுவும் இல்லை. பாட்டி தன் கையாலேயே ஊட்டுவார். ஐந்தாம் மாதம் முன்னங்கால் வில் மாதிரி வளைந்தது. குட்டி அசைந்து அசைந்து நடந்தது. பாட்டி "ராஜா நடை" என்றார். ஒருநாள் சோபாவிலிருந்து ஒரு தாவல். டக்!

அந்தத் தாவலை இன்னொரு தரம் மெதுவாகப் பாருங்கள். சோபா ஒன்றரை அடி உயரம். குட்டி இரண்டு கிலோ கூட இல்லை. அந்த உயரத்திலிருந்து குதித்தா கால் உடையும்? தட்டில் கால்சியம் இல்லாததால் இரத்தத்தில் அது இறங்குகிறது. கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்கிறது. எலும்பைச் சுரண்டி இரத்தத்துக்குக் கொடுக்கிறது. தினமும், இரண்டு மாதம். ஐயா, அந்த எலும்பு சோபாவில் உடையவில்லை, தட்டில் உடைந்துகொண்டே இருந்தது! எக்ஸ்ரேயில் எலும்பு நிழல் மாதிரிதான் தெரிந்தது. மாவுக்கட்டுப் போட்டால் கட்டின் கனத்துக்கே வளைந்துவிடும் என்று டாக்டர் கட்டே போடவில்லை. கூண்டுக்குள் ஓய்வு, குட்டிகளுக்கான சமச்சீர்த் தீனி. அவ்வளவுதான் வைத்தியம்.

"அப்படியானால் எலும்போடு கொடுப்போம்" என்பார் அண்ணன். மூன்று கிலோ நாய் கோழிக் கழுத்தை மெல்லாமல் விழுங்கினால் அது உணவுக்குழாயில் நிற்கும். ஆட்டுக் கால் எலும்பைக் கடித்தால் பல் பிளக்கும். வேகவைத்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

கிருமியா? 2010 முதல் 2012 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 196 பச்சைக் கறித் தீனி மாதிரிகளைச் சோதித்தது. 15இல் சால்மொனெல்லா, 32இல் லிஸ்டீரியா. ஃப்ரீசரில் வைத்தால் சால்மொனெல்லா தூங்கும், சாகாது. நாய் நக்கிய தரையில்தான் உங்கள் பேரக்குழந்தை தவழ்கிறது.

தீனியிலும் தவறு நடக்கும், மறைக்கவில்லை. பாக்கெட்டில் "முழுமையான, சமச்சீர் உணவு" என்றும் எந்த வயதுக்கு என்றும் போட்டிருக்க வேண்டும். கருத்தடை செய்த 3 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 250 கலோரி, அதாவது ஏறக்குறைய 65 கிராம். கப்பால் அள்ளாமல் சமையல் தராசில் எடை பார்த்துப் போடுங்கள். மலிவு என்று 10 கிலோ மூட்டை வாங்கினால் அது ஐந்து மாதம் கிடந்து கொழுப்பு சிக்குப் பிடிக்கும். 2 கிலோ போதும். சாக்கில் அள்ளித் தரும் சில்லறைத் தீனி வேண்டவே வேண்டாம். புதிய தீனிக்கு மாற ஏழு நாள் எடுங்கள். முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். அவசரப்பட்டால் வயிற்றுப்போக்கு.

மணி அடித்துவிட்டது ஐயா, ஒரு நிமிடம். பாட்டியைத் திட்டாதீர்கள். தான் கறி தின்னாத பாட்டி, லட்டுவுக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு கறி நறுக்கினார். அதைவிடப் பெரிய பாசம் எது? டாக்டர் சொன்ன அன்று இரவு முழுக்கக் கூண்டுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். கம்பிக்குள் கையை விட்டுக்கொண்டு, "நானேதான்டா உன் காலை உடைச்சேன்" என்று அழுதார். லட்டுவுக்கு என்ன தெரியும்? ஊட்டிய கையாயிற்றே. நகர முடியாமல் நகர்ந்து வந்து அந்த விரல்களை நக்கியது.

நடுவர் ஐயா, அந்தக் கைக்காகத் தீர்ப்புக் கேட்கிறேன். வணக்கம்.