கொசுவை அழைக்கும் வாசனை

நேயர்களுக்கு வணக்கம். சாயங்காலம் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்போம். ஒருத்தரை மட்டும் கொசு பிடுங்கி எடுக்கும். "உனக்கு இனிப்பு ரத்தம்ப்பா" என்பார்கள். ரத்தத்தின் ருசி கடித்த பிறகுதானே தெரியும்? கொசு மூச்சையும் வேர்வையையும் மோந்துகொண்டுதான் வருகிறது.

அந்த வாசனையையே மலேரியாக் கிருமி மாற்றிவிடுகிறது. மேற்குக் கென்யாவில் நடந்த ஒரு சோதனை 2005-இல் வெளிவந்தது. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மூன்று கூடாரம், கூடாரத்துக்கு ஒரு பிள்ளை. முதல் பிள்ளைக்குக் கிருமியே இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு உண்டு, ஆனால் கொசுவுக்குத் தொற்றுகிற பருவத்துக்கு அது வரவில்லை. மூன்றாவது பிள்ளைக்கு வந்துவிட்டது. நடுவே ஓர் அறையில் கொசுக்கள். கூடாரத்துக் காற்று மட்டும் அங்கே போகும். கடிக்க முடியாது, பயப்படாதீர்கள். இப்படி 12 முறை, ஒவ்வொரு முறையும் வேறு மூன்று பிள்ளைகள்.

கொசு எந்தப் பக்கம் போனது? மூன்றாவது கூடாரத்துக்கு! மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாவதையும் முதலாவதையும் அது பெரிதாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்குத்தான் இனிப்பு ரத்தமோ?" என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் மருந்து கொடுத்துக் கிருமியைப் போக்கிவிட்டு, அதே பிள்ளைகளை மறுபடி கூடாரத்தில் படுக்கவைத்தார்கள். அந்த இழுப்பு போயே போய்விட்டது. பிள்ளை அதேதான், கிருமிதான் இல்லை.

இன்னொன்று. குளிரும் காய்ச்சலும் தருவது கிருமி ரத்தத்தில் பெருகுகிற பருவம். கொசுவுக்குத் தொற்றுகிற பருவம் காய்ச்சல் தராது. ஆக, நன்றாக ஓடியாடிப் பள்ளிக்கூடம் போய்வருகிற பிள்ளையும் கொசுவை அழைத்துக்கொண்டிருக்கலாம். தாய்க்கு எப்படித் தெரியும்?

வாசனை எங்கிருந்து வருகிறது? கிருமி விடுகிற ஒரு பொருள் சிவப்பணுக்களைத் தூண்டிக் கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்ற வைக்கிறது என்று 2017-இல் கண்டார்கள். அடுத்த வருடம், கென்யப் பிள்ளைகளின் பாத வாசனையில் ஹெப்டனால், ஆக்டனால், நோனனால்... பெயரை விடுங்கள், அந்த மாதிரிப் பொருட்கள் கிருமி உள்ளவர்களிடம் கூடுதல் என்று தெரிந்தது.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். நாய்க் கதை ஒன்று வைத்திருந்தேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் பிள்ளைகள் ராத்திரி போட்டிருந்த காலுறைகளை மோந்தே, கிருமி உள்ளவற்றில் 100-க்கு 70-ஐ நாய்கள் கண்டுபிடித்தன. பழக்கியது எப்படி என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.